பவித்ராவுக்கு மறுபடியும் காது குத்து

ஏழுமலைக்கு,

இந்தக் கடிதம் தபால்காரர் கையில் உனக்கு வராது. சைதாப்பேட்டையில் நீ வேலை பார்க்கிற மைக் செட் கடைக்கு ரெண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ரெண்டும் பிரிக்காமலே உன் பெட்டிக்குள் கிடக்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீ பார்க்காவிட்டாலும் யாராவது உன் முன்னால் கொண்டுவந்து நீட்டுவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வருஷம் இதே பத்திரிகையில் நடுப்பக்கத்தில் நம்ம வீட்டுப் படம் வந்தது. நான் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிறேன், பக்கத்தில் கறுப்புச் சட்டையில் நீ. கீழே 'அக்கா மகளுடன் ரோஷன்' என்று போட்டிருந்தார்கள். அப்படிச் சொன்னவள் நான்தான். ஊர் படிக்கப் பொய் சொன்னவள் ஊர் படிக்கத்தான் திருத்த வேண்டும். ரோஷன் என் மகன் ஏழுமலை. அந்தக் குழந்தை பவித்ரா அவனுடைய அக்கா மகள் இல்லை. அவனே பெற்ற மகள். அவளைப் பெற்றவள் என் மருமகள் செல்வி, அந்தப் படம் எடுக்கும்போது அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். 2004ஆம் வருஷம் தை மாசம். மழை விட்டு, உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உப்பு விளைகிற தரை கல்லு மாதிரி இறுகி இருந்தால்தான் உப்பில் சேறு கலக்காது. அதற்காக வரிசையாக நின்று, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, வலது கால் ரெண்டு மிதி, இடது கால் ஒரு மிதி என்று நாள் முழுக்க மிதிப்போம். நீ நடுவில் நின்று பாடுவாய். "மிதி மிதி மேற்கே மிதி, தண்ணி பார்த்த தரையெல்லாம் கல்லாகிற வரை மிதி" என்று நீயே கட்டின பாட்டு. உன் பாட்டு இருந்தால் பொழுது போவது தெரியாது. அப்போதுதான் பாண்டிச்சேரியில் பாட்டு, டான்ஸ் தெரிந்த பையன்களை ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் நோட்டீஸ் பார்த்துவிட்டு வந்தாய். சென்னைக் கம்பெனி, அஞ்சு பேர், கேசட், டிவி. செல்வி அஞ்சு மாசம் முழுகாமல் இருந்தாள். "போய்ட்டு வாங்க, தோத்தா பஸ் சார்ஜ்தானே போவுது" என்று அனுப்பி வைத்ததே அவள்தான். அதை மறந்துவிடாதே.

நீ அங்கே ஆடினது பாத்தி மிதிக்கிற கால்தான். டான்ஸ் மாஸ்டர் எழுந்து வந்து, "டேய், இந்த ஸ்டெப்பை எங்கேடா புடிச்சே?" என்று கேட்டாராம். "உப்பளத்துலே சார்" என்றாயாம். "இதை வெளியே யாருகிட்டேயும் சொல்லிடாதே" என்றாராம். நாலாயிரம் பேரோ நானூறு பேரோ வந்ததில் அஞ்சு பேரில் ஒருத்தனாக எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் கடை போனுக்குக் கூப்பிட்டாய். நான் ஓடி வந்து எடுத்தால் அழுவது மாதிரி இருந்தது உன் குரல். "அம்மா, கல்யாணம் ஆனவனை எடுக்க மாட்டாங்களாம். பொண்ணுங்க பார்க்க மாட்டாங்களாம். பாரத்துலே எழுதணும். என்னம்மா பண்றது?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, ஏழு. "ஆகலைன்னு எழுது. பாரத்துலே எழுதறதை எவன் வந்து பாக்கப் போறான்? செல்விகிட்டே நான் சொல்லிக்கிறேன்" என்றேன். நீ ரெண்டாம் தடவை கேட்டாய், "சொல்லலாமாம்மா?" என்று. ரெண்டாம் தடவையும் சொல்லலாம் என்றேன். நீ இன்றைக்கு உன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறாய். அந்தப் பாரத்தில் கை உன்னுடையது, எழுத்து என்னுடையது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அவருக்குக் கல்யாணம் ஆகலை, சரி. எனக்கு ஆச்சா இல்லையா அத்தை? அதையும் கேட்டுச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததால் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். மருமகள் சிரித்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வயசு எனக்கு அப்போதே ஆகியிருந்தது. பார்க்கவில்லை. என் மகன் டிவியில் வரப்போகிறான் என்கிற நினைப்பே கண்ணை மறைத்துவிட்டது.

உங்களுக்கு ஜில் ஃபைவ் என்று பேர் வைத்தார்கள். ஜில் என்றால் எனக்குத் தெரிந்தது பானையில் வைத்த மோர்தான். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குணம் என்று கம்பெனியே முடிவு செய்தது. ஒருத்தன் முரட்டுப் பையன், ஒருத்தன் படித்த பையன், ஒருத்தன் குறும்பு, ஒருத்தன் சாக்லேட் பையன். உனக்கு வந்தது சோகப் பையன். பிறந்ததில் இருந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டே வளர்ந்த பிள்ளையை, கேமராவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரோஷன் என்று கூப்பிட்டார்கள். சொந்த ஊர் சென்னை என்று சொல்லச் சொன்னார்கள். கேசட் வந்தபோது நம்ம டீக்கடையில் காலையில் இருந்து அதையே போட்டார்கள். எல்லோரும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உம் புள்ள பாடறதைக் கேளு" என்றார்கள். கேட்டேன். அதில் உன் குரலே இல்லை. ஒரு பாட்டிலும் இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? உன் குரலில் கிராமத்து வாடை அடிக்கிறது என்று வேறு யாரையோ பாட வைத்தார்கள் என்பதை நீ பிறகுதான் சொன்னாய். ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரியும். "எப்படி இருக்குது?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "சூப்பரா இருக்குது" என்றேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

பெருமை இல்லாமல் இல்லை, ஏழு. அதையும் மறைக்க மாட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பையன்கள் வலது கால் ரெண்டு, இடது கால் ஒன்று என்று ஆடிக்கொண்டு நின்றார்கள். அதற்கு 'ஜில் ஸ்டெப்' என்று பேராம். நம்ம சேற்று மிதியை மாதக் கணக்கில் ஜில்லாவே மிதித்தது. நானும் செல்வியும் பார்த்துவிட்டு, "இதுங்களை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போனா ஒரே நாள்லே பத்துப் பாத்தி மிதிச்சிடலாம் அத்தை" என்று அவள் சொல்ல, பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுச் சிரித்தோம். வைகாசியில் பவித்ரா பிறந்தாள். நீ மூணாம் நாள் தொப்பி போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி, "ஐயோ, என்னைப் பார்த்துச் சிரிக்குதும்மா" என்றாய். மூணு நாள் குழந்தை சிரிக்காது. நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் கடல் உள்ளே வந்தது. நம்ம தெரு வரைக்கும் வரவில்லை. பாத்திகளில் சேறு ஏறி, அந்தப் பருவத்து வேலை போனது. கடற்கரைக் குப்பத்தில் போனது அதைவிடப் பெரிசு, அதை நான் இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு உன் ஊர் ஞாபகம் வந்தது. அதுவரை மரக்காணம் என்று சொல்லாதே என்றவர்கள், இனிமேல் அதைத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். கடலோரத்துச் சோகப் பையன். பொய்யாக வைத்த சோகத்துக்கு நிஜமான காரணம் கிடைத்துவிட்டது அவர்களுக்கு. வீட்டைப் படம் எடுக்க வருகிறோம் என்றார்கள். நீ பயந்து போய் போன் செய்தாய். நான்தான் தைரியம் சொன்னேன். உன் அக்கா கலாவைப் பெருமுக்கலில் இருந்து வரவழைத்து, "ரெண்டு நாளைக்கு இது உன் குழந்தை" என்று அவள் கையில் பவித்ராவைக் கொடுத்தேன். சுவரில் இருந்த உங்கள் கல்யாண போட்டோவைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். கலா கேட்டாள், "ஏம்மா, செல்வி எங்கே நிக்கும்?" அடுப்படியில் என்றேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, "விசேஷம் ஏதாவது இருக்கா? விசேஷம்னா நல்லா வரும்" என்றார்கள். குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த அடுத்த ஞாயிறு மாரியம்மன் கோயிலில் வைத்திருந்தோம். அதைச் சொன்னதும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அக்கா பொண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் ரோஷன் மடியிலே வெச்சு. இதுக்கு மேலே என்ன வேணும்?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். செல்வியின் அண்ணன் முருகன் பிரம்மதேசத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான். தாம்பாளத்தில் தேங்காய், பழம், பட்டுப் பாவாடை, சிவப்புக் கல் வைத்த ஒரு ஜோடிப் பொன் தோடு. அறுவடை முடிந்த கையோடு செய்தது. ஒரே தங்கச்சி, அவளுக்கு முதல் குழந்தை. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்கிற உரிமைக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தவன். கேமரா பிடித்தவர் அவனைப் பார்த்து, "சார், கொஞ்சம் ஃப்ரேமை விட்டு வெளியே நில்லுங்க" என்றார். முருகன் தாம்பாளத்தோடு நகர்ந்து நகர்ந்து வேப்பமரம் வரைக்கும் போய்விட்டான். அங்கே இருந்து என்னைக் கூப்பிட்டு, "அத்தை, இந்தக் குழந்தைக்கு நான் யாரு?" என்று கேட்டான். "அரை மணி நேரம் பொறுத்துக்கப்பா, அவன் பொழைப்பு இது" என்றேன். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "தாய்மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்றார். அவருக்கு நம்ம குடும்பம் முழுக்கத் தெரியும். கோயிலைச் சுற்றி நின்ற ஊருக்கும் தெரியும். நம்ம ஊர்ப் பையன் டிவியில் வரட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆசாரி மட்டும் முருகன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்போது நான்தான் உன்னைக் கை காட்டினேன். நீ உட்கார்ந்தாய். உன் மகளை உன் மடியில் மாமனாக வைத்துக்கொண்டாய். ஊசி ஏறினதும் அவள் அலறினாள், அழுதுகொண்டே செல்வியைத் தேடினாள். கலாவிடம் கொடுத்தார்கள். நிற்கவே இல்லை அழுகை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள்.

குழந்தை காதில் போட்டது கம்பெனி வாங்கி வந்த கவரிங் தோடு. படத்தில் பளபளவென்று தெரிய வேண்டுமாம். பத்து நாளில் ரெண்டு காதிலும் சீழ் வைத்தது. கழற்றிவிட்டு மஞ்சள் பத்துப் போட்டோம். புண் ஆறியது, ஓட்டையும் தூர்ந்துவிட்டது. முருகன் தாம்பாளத்தை அன்றைக்கு வேப்பமரத்தடியிலேயே வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். அந்தப் பொன் தோட்டைச் செல்வி எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். அதை இன்று வரை குழந்தைக்குப் போடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நீ எப்போதாவது வந்து போகும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் குழந்தை வாயில் ஏதாவது வந்துவிடுமோ என்று, போஸ்டரைக் காட்டி "மாமா, மாமா" என்று பழக்கிவிட்டவள் நான். சின்னக் குழந்தைதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிறகு உங்கள் கம்பெனிக்கு என்ன ஆனது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ரெண்டாவது கேசட் போகவில்லை என்றாய். அஞ்சு பெண்களை வைத்துப் புதுசாக ஒரு செட் ஆரம்பித்துவிட்டார்கள் என்றாய். முதலில் பெரிய அரங்கம், அப்புறம் காலேஜ் விழா, அப்புறம் கோயில் திருவிழா. கடைசியில் இந்த வருஷம் மாசியில் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அங்கே இருந்தோம், ஏழு. உனக்குத் தெரியாது. நீ இத்தனை பக்கத்தில் வருகிறாய் என்று கேள்விப்பட்டு, நானும் செல்வியும் பவித்ராவைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்துவிட்டோம். குழந்தை வைத்திருக்கிற பொம்பளைகள் என்று முன்னால் விட்டார்கள். மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கயிறுதான்.

பதினோரு மணி வெயில். ரெண்டாவது பாட்டில் சிடி மாட்டிக்கொண்டது. ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. முதலில் நீங்களும் அந்த வார்த்தைக்கே வாயைத் திறந்து திறந்து பார்த்தீர்கள். அப்புறம் அஞ்சு பேர் வாயும் மூடிக்கொண்டது, பாட்டு மட்டும் ஓடியது. ஜனம் சிரித்தது. "ஏம்பா, வாயிலே கொழுக்கட்டையா?" என்று ஒருத்தன் கத்தினான். தண்ணீர் பாக்கெட் பறந்து வந்தது. நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். நீ மட்டும் நின்றாய். சிடியை நிறுத்தின பிறகு மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தாய். மைக்கில் ஒயரே இல்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துத்தானே தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாய்?

எங்களுக்குக் கேட்டது. மிதி மிதி மேற்கே மிதி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ரெண்டு வருஷத்தில் கம்பெனி உனக்குக் கொடுத்த பாட்டில் ஒன்றும் உன்னுடையது இல்லை. அன்றைக்குத்தான் உன்னைக் கேட்டேன். செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கால் தரையில் போய்க்கொண்டிருந்தது, வலது ரெண்டு, இடது ஒன்று. அவளுக்கே தெரியாது. அப்போது பவித்ரா உன்னைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டி, பெருங்குரலில் "மாமா!" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மா, "உங்க தம்பியா?" என்று செல்வியைக் கேட்டார். செல்வி, "என் வீட்டுக்காரர்" என்றாள். ரெண்டு வருஷத்தில் வெளி ஆளிடம் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். ஜனம் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் உன்னைத் தன்னுடையவன் என்று சொன்னாள். நீ மேடைக்குப் பின்பக்கமாக வேனில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. "எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வர்றது" என்று கலாவிடம் போனில் சொன்னாயாம். பொறந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வா. அந்தச் சோக மூஞ்சியைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நீ வருவதற்கு முன்னால் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். போன மாசம் பிரம்மதேசம் போனேன். முருகன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "வாங்க" என்று மட்டும் சொன்னான், அத்தை என்று சொல்லவில்லை. நான் உட்காரவில்லை. "குழந்தை காது தூர்ந்து போச்சு. மறுபடியும் குத்தணும். உன் மடியிலே வெச்சுக் குத்தணும். அன்னைக்கு நான் காட்டின கை தப்புக் கை" என்றேன். மாட்டைக் கட்டிவிட்டுத்தான் பேசினான். "கேமரா வருமா?" என்றான். "வராது" என்றேன். "மாமன் வேஷத்துலே வேற யாராச்சும்?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சம்சாரம் உள்ளே இருந்து, "போதும் விடுய்யா, கிழவியை நிக்க வெச்சிக்கிட்டு" என்று அதட்டினாள். அப்புறம்தான், "உக்காருங்க அத்தை" என்றான். கிளம்பும்போது பஸ் வரைக்கும் வந்தான். "மச்சானை வரச் சொல்லுங்க. அவரு இல்லாம நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினான். அவனுக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. இரண்டு தட்டுத் தட்டுவான், வாங்கிக்கொள். உனக்கு நான் சொல்கிற புத்தி இந்த ஒன்றுதான். திட்டுகிற ஆள் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வரலாம்.

கார்த்திகை ரெண்டாவது ஞாயிறு, அதே மாரியம்மன் கோயில், அதே ஆசாரி. மழைக்காலம், அளத்தில் வேலை இருக்காது, ஊர் எல்லாம் வீட்டில்தான் இருக்கும். போன தடவை வாயை மூடிக்கொண்டு நின்ற அத்தனை பேரையும் நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாயிற்று. செல்வி மாத்திரை டப்பாவைத் திறந்து அந்தத் தோட்டைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறாள். உங்கள் கல்யாண போட்டோ பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறது. நீ வருவாயா என்று அவளிடம் கேட்டேன். "வந்தா சோறு, வராட்டி அதே சோறு" என்றாள். ஆனால் போன சந்தையில் உன் அளவுக்கு வேட்டி எடுத்திருக்கிறாள், நான் பார்க்காதது மாதிரி இருக்கிறேன். தை பிறந்தால் பாத்தி மிதிக்க ஆள் வேண்டும். பாடவும் ஆள் வேண்டும். நீ மைக் செட் வேலையிலேயே இருந்தாலும் சரி, நம்ம பக்கத்துக் கல்யாணங்களுக்கு அதே வேலை இருக்கிறது. அங்கே மைக்கில் ஒயர் மாட்டுகிறவன் நீயாகவே இருப்பாய். அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்றைக்கு உன் வேலை ஒன்றுதான். ஊசி ஏறும் வரைக்கும் குழந்தை முருகன் மடியில் இருப்பாள். ஏறினதும் அலறுவாள். அப்போது மாமன் மடியில் இருந்து வாங்கித் தூக்கிக்கொள்ள அப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். என்னை ஆயா என்கிறாள், அம்மா, சோறு, பஸ், உப்பு, எல்லாம் சொல்கிறாள். சுவரில் இருக்கிற கல்யாண போட்டோவைக் காட்டி அம்மா என்கிறாள், பக்கத்தில் இருக்கிற உன்னைக் காட்டி மாமா என்கிறாள். மாற்றிச் சொல்லிக் கொடுக்கலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "நீங்க சொல்லித் தராதீங்க அத்தை, நானும் சொல்லித் தரலை. அவரே வந்து சொல்லித் தரட்டும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வீட்டில் யாரும் தொடாமல் உனக்காக வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமையே வந்துவிடு.

உன் அம்மா,
பவித்ராவின் ஆயா,
மரக்காணம்.